கால் மூடி

வேலை முடிந்து, அச்சாகி, கட்டுக் கட்டிக் கொடுத்து, வாங்கியவர் பஸ் ஏறிப் போன பிறகும் அந்த நோட்டீஸில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படிப்பவர் அவர். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் என் மருந்துக் கடையும் அவருடைய டி.டி.பி. கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் அவர் கம்ப்யூட்டரில் அடித்து, பக்கம் கட்டி, பக்கத்து அச்சகத்துக்கு அனுப்புவார்.

"அச்சடிச்சப்புறம் படிச்சு இன்னாண்ணா ஆவப் போவுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தப்பு இருந்தா தெரிஞ்சிக்கலாமேம்மா."

"தெரிஞ்சி?"

"தெரியாம தூங்கறதுக்கு, தெரிஞ்சி முழிச்சிக்கினு கெடக்கலாம்."

சிரிப்பதற்காகச் சொன்னதல்ல. அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஒல்லியான ஆள். நரைக்கத் தொடங்கிய மீசை. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. திரையைக் கண்ணாடிக்கு மேலாகவும் காகிதத்தைக் கண்ணாடி வழியாகவும் பார்ப்பார். இருட்டுக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், போலீஸுக்குப் பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தன் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரிடம்தான் பயம். அதிலும் குறிப்பாக, பக்கம் கட்டுவதற்காக அதில் போட்டு வைத்திருந்த பழைய சாஃப்ட்வேரிடம். பல வருடம் அதோடு வேலை செய்தும் அந்தப் பயம் தெளியவில்லை. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டுதான் போனது.

அதன்மேல் அவர் சொன்ன குற்றம் ஒன்றுதான். அது சொல்லாது.

"தப்பு பண்ணா திட்ற மொதலாளிகிட்ட வேல செய்யலாம்மா. வாயே தொறக்காதவன்கிட்ட எப்டி செய்யறது?"

விளக்கமாகக் கேட்டால் திரையைக் காட்டுவார். எழுத்தெல்லாம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். கட்டம் கொள்ளாத அளவுக்கு எழுத்து சேர்ந்தால் மிச்சம் கீழே வழியாது, அலறாது. கட்டத்துக்கு உள்ளேயே மறைந்துகொள்ளும். கட்டத்தைத் தொட்டால் மட்டும் அடியில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். தொடாவிட்டால் அதுவும் இல்லை. தப்பாக ஏதாவது செய்துவிட்டால் ஒரே ஒரு செய்கையைத்தான் திருப்பிக்கொள்ள முடியும். அதற்கு முந்தியது போனது போனதுதான். தமிழில் எழுத்துப் பிழை காட்டாது. கரண்ட் போனால், அடித்ததைத் தானாகச் சேமித்து வைக்காது.

கடைசியாகச் சொன்ன இந்தக் குறையால் அவர் இடது கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு வரி முடிந்ததும் சேமிக்கும் விசைகளை விரல்கள் தாமாகவே அழுத்தும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த விரல்கள் தொடையின்மேல் அழுந்தி அழுந்தி எழும். பேச்சின் நடுவே பார்த்தால், நான் சொன்ன வாக்கியத்தைக்கூடச் சேமித்துக்கொள்கிறார் என்று தோன்றும்.

என் கடைக்கு வந்தால் கையில் ஒரு தாள் இருக்கும். "இதக் கொஞ்சம் படிம்மா. கண்ணால படிக்காத, வாயால படி." மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு நான் படிப்பேன். யாருக்கோ கல்யாணம், யாருக்கோ பதினாறாம் நாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் முடித்ததும் பெருமூச்சு விட்டு, கடையில் மருந்து வாங்க நின்றவரிடம், "நீங்க ஒருவாட்டி படிங்க" என்று நீட்டுவார். மூச்சு வாங்கிக்கொண்டு இருமல் மருந்துக்கு வந்தவர்கூட ஒருநாள் யாருடைய புதுமனை புகுவிழாவையோ இருமி இருமிப் படித்துவிட்டுப் போனார்.

"புது சாஃப்ட்வேர் வாங்கக் கூடாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. வாங்கினார். சென்னையில் ஒரு டீலரிடம் சொல்லி வரவழைத்தார். அதில் அவர் கேட்டதில் பாதி வசதி இருந்தது. ஆனால் தமிழ் உடைந்தது. வரிக் கடைசியில் 'கோயில்' வந்தால் கொம்பு மேல்வரியில் நின்றுகொள்ளும், மிச்சம் கீழ்வரிக்கு இறங்கிவிடும். அவர் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்கள் எதுவும் அதில் ஒழுங்காக ஏறவில்லை. சில நாள் மல்லுக்கட்டிவிட்டுப் பழையதற்கே திரும்பினார்.

டீலருக்குப் போன் போட்டு அவர் பேசுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். "கட்டத்துக்குள்ள அடங்கலன்னா ஒரு சத்தம் குடுக்கற மாதிரி பண்ண முடியாதாங்க? ... இல்லீங்க, அந்தச் செவப்புப் புள்ளி பத்தாதுங்க. எனக்கு அம்பது வயசு ஆவப் போவுதுங்க." அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலும் எனக்குத் தெரியும். அடுத்த வெர்ஷனில் வரும் சார்.

இவ்வளவு பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. தியாகதுருகம் பக்கத்தில் ஒரு ஊரின் தேர்த் திருவிழா நோட்டீஸ் அது. ஒவ்வொரு நாள் உபயமும் ஒரு தெருவுக்கு. விழாக் கமிட்டிக்காரர் கடைசி நேரத்தில் நடுவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தார். நடுவே ஒன்று ஏறியதும் கடைசி வரி கட்டத்துக்குள் இறங்கி மறைந்துவிட்டது. அந்த வரி, அந்த ஊரில் ஏற்கெனவே மற்றத் தெருக்களோடு உரசல் இருந்த ஒரு தெருவின் பெயர்.

மத்தியானம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நின்றன. இறங்கியவர்கள் அவர் கடையை நிறைத்தார்கள். இடமில்லாதவர்கள் என் கடைப் படியில் ஏறினார்கள். நான் உள்ளே போய் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"எங்க தெரு பேரு எங்கடா? எவன் சொல்லிடா எடுத்த?"

"எடுக்கலீங்க. சத்தியமா எடுக்கலீங்க. இருக்குதுங்க. பாருங்க." அவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மவுஸால் கட்டத்தின் அடி ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். மறைந்திருந்த வரி வெளியே வந்தது. தெருவின் பெயர், நாள், நேரம் எல்லாம் முழுசாக.

முன்னால் நின்ற பெரியவர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். "உள்ள இருந்தா வெளிய ஏன்டா தெரியல?"

யாரோ மேஜையை எட்டி உதைத்தார்கள். அச்சகக்காரர் ஓடி வந்து, புது நோட்டீஸ் அடித்துத் தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பினார். திருவிழா முடிகிறவரை அந்த ஊர் முனையில் போலீஸ் ஜீப் நின்றது. அத்தனை நாளும் அவர் கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது.

"அது வேணும்னு பண்ணலம்மா," என்று பிறகு என்னிடம் சொன்னார். "வேணும்னு பண்ணா சமாதானம் பண்ணலாம். காசு குடுத்து, காலுல வுழுந்து எதையாவது செய்யலாம். இது எதுவும் தெரியாம பண்ணுது. அதான் பயமா இருக்கு."

இப்போது அந்தக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். அவர் உளுந்தூர்பேட்டையில் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் இந்தத் திருவிழாக் கதையைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அவரோடு மலைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

அது மழைக்காலம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊரில் குழந்தைகளுக்கு மருத்துவ முகாம் நடத்த ஒரு தொண்டு அமைப்பினர் வந்திருந்தார்கள். காய்ச்சல் பரவியிருந்த சமயம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டில் காய்ச்சல் மருந்தும், எந்த வயதுக்குப் பாட்டில் மூடியில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற துண்டுத் தாளும் கொடுப்பதாக ஏற்பாடு. தாளில் இருக்க வேண்டியதைப் போனில் அனுப்பியிருந்தார்கள். ஆறு மாதம் வரை ¼ மூடி. ஒரு வயது வரை ½ மூடி. அதற்கு மேல் 1 மூடி.

போனில் வரும் எழுத்து வேறு, அவர் சாஃப்ட்வேருக்குத் தெரிந்த எழுத்து வேறு. மாற்றித்தான் போட வேண்டும். அவருடைய தமிழ் எழுத்துருவில் கால், அரை அடையாளங்கள் கிடையாது. இல்லாத எழுத்து வந்தால் அந்தச் சாஃப்ட்வேர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். அவருக்கு இது தெரியும். அதனால் அந்த அடையாளங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினார். பிரதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் வாயால் படித்தேன். கால் மூடி, அரை மூடி, ஒரு மூடி. எல்லாம் சரியாக இருந்தது. அமைப்பினரும் பார்த்துச் சரி என்றார்கள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண், நல்ல மாதிரி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எழுத்தக் கொஞ்சம் பெருசு பண்ணிடுங்க சார். மேல வயசானவங்கதான் ஜாஸ்தி வூட்ல இருப்பாங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியணும்ல?" என்றாள். பின்னால் ஒரு பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கினார். பெரிதாக்கிய அந்த ஒரு கட்டளை, எல்லா எழுத்தையும் மறுபடி ஒரே தமிழ் எழுத்துருவுக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்த எழுத்தைத் தொடாதே என்று பூட்டி வைக்க அதில் வழியில்லை. அவர் பயந்தது கடைசி வரிக்கு. வரிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தார். எல்லா வரியும் இருந்தது. அச்சாகி, ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்த ஜீப்பில் ஏறிப் போயிற்று.

மறுநாள் முகாம். அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை, முந்தின நாள் ஜீப் போன கையோடு மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அதற்கும் மறுநாள் காலை கடையைத் திறந்து, வழக்கம்போல் மிச்சமிருந்த தாளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்திருக்கிறார்.

என் கடைக்கு வந்தபோது செருப்பு இல்லை. தாளை மேஜைக் கண்ணாடியின்மேல் வைத்தார். "படி," என்றார். 'ம்மா' போடாமல் அவர் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"ஆறு மாதம் வரை..." என்று தொடங்கினேன். "மூடி."

"எவ்ளோ மூடி?"

தாளில் 'வரை' என்ற சொல்லுக்கும் 'மூடி' என்ற சொல்லுக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை. அவ்வளவுதான். அடுத்த வரியிலும் அதே வெள்ளை. மூன்றாவது வரியில் மட்டும் '1' நன்றாக, பெரிதாக இருந்தது.

"மூடின்னா ஜனங்க எவ்ளோன்னு எடுத்துப்பாங்க?"

"ஒரு மூடின்னுதாண்ணா."

"கால் மூடி குடுக்க வேண்டியதுக்கு ஒரு மூடி குடுத்தா?"

காய்ச்சல் மருந்தை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. அது என்ன செய்யும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். "ஒரு வேளைன்னா ஒண்ணும் ஆவாது. வேளைக்கு வேளை அப்டியே குடுத்துக்கினு போனா ஈரலைப் புடிச்சிக்கும். கைக்கொழந்தைன்னா..."

அவர் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டார்.

ஒருங்கிணைப்பாளர் போன் தொடர்பில் இல்லை. அமைப்பின் இன்னொரு எண்ணும் இல்லை. மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. நான் ஷட்டரை இறக்கினேன். என் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்காரச் சொன்னேன்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை என் காதுக்குப் பின்னால் அவர் பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் பேசியதாகத் தெரியவில்லை. "கால் இருந்த எடத்துல ஒரு கட்டம் காட்டிருந்தா போதும். கருப்பா ஒரு கட்டம். ஒரு கேள்விக்குறி. இந்த எழுத்து எங்கிட்ட இல்லன்னு ஒரு வார்த்த. அது கூடக் கேக்கக் கூடாதா? கட்டம் போட்ருந்தா யாராவது கேட்டிருப்பாங்க. வெள்ளையா வுட்டா எவன் கேப்பான்?" மலை வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. பள்ளம் ஒரு பக்கம் திறந்துகொண்டே போயிற்று. மேகம் ரோட்டின்மேல் இறங்கி, எதிரே வரும் பஸ் அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது. என் கைகள் ஹேண்டில்பாரில் விறைத்துக்கொண்டன. பின்னால் ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்து இரண்டு இடத்தில் "அண்ணா" என்று கூப்பிட்டேன். "இருக்கேன்" என்றது ஒரு குரல்.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் பேனர் மட்டும் தொங்கியது. ஜீப் மறுபக்கமாகச் சேலத்துக்கு இறங்கிவிட்டது. அங்கே துணை சுகாதார நிலையத்தில் இருந்த நர்சம்மாவைப் பார்த்தோம். தாளைக் காட்டி நான் பாதி சொல்வதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எந்த வீட்டில் கைக்குழந்தை என்று அவருக்குத் தெரியும். அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஒரு வீட்டில் தாளை மடித்துக் கூரையில் செருகியிருந்தார்கள். ஒரு வீட்டில் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டியிருந்தார்கள். என்னோடு வந்தவர் பேனாவை எடுத்துச் சுவரில் இருந்த தாளிலேயே அந்த வெள்ளை இடத்தில் 'கால்' என்று எழுதினார். எண்ணாகப் போடவில்லை, எழுத்தாலேயே எழுதினார்.

"இன்னா எழுதறீங்க?" என்றார் அந்த வீட்டு ஆள்.

"கால் மூடிங்க. கொழந்தைக்குக் கால் மூடிதான் குடுக்கணும்."

"தாளப் படிச்சவங்க ஒரு மூடின்னு சொன்னாங்களே."

"தப்புங்க. தாள்ல உட்டுப் போச்சு. நாந்தாங்க அடிச்சவன். என் தப்புங்க."

ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொன்னார். வெளியே வந்ததும் நர்சம்மா அவர் கையைப் பிடித்து, "அதெல்லாம் சொல்லிக்கினு நிக்காதீங்க சார், எவனாவது கை வெச்சிடுவான்," என்றார். அவர் தலையாட்டினார். அடுத்த வீட்டில் கை கூப்பிக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். தேர்த் திருவிழாக் கூட்டத்தின் முன்னால் நின்றபோது இருந்த அதே முகம்தான். பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

அதிர்ஷ்டம், பல வீடுகளில் மருந்தைத் திறக்கவே இல்லை. சிலர் தங்கள் கணக்கில் கரண்டியால் கொஞ்சமாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு வீடுதான் பூட்டியிருந்தது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை. புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறான். தாய் குழந்தையோடு ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு கடந்தோம். அந்த வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். எங்களைப் பார்த்து எழுந்தாள்.

"பாப்பா எங்க?" என்றார் நர்சம்மா.

"தூங்குதுக்கா. காய்ச்சல் வுட்ருச்சு. நேத்துலருந்து நல்லாத் தூங்குது."

"மருந்து குடுத்தியா?"

"குடுத்தேங்க்கா. வேள தவறாம."

"எவ்ளோ?"

அவள் உள்ளே போய் மூடியைக் கொண்டுவந்து, விளிம்பில் விரலை வைத்துக் காட்டினாள். நிறைய. பெருமையாகக் காட்டினாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அந்த விரல் இறங்கியது.

நர்சம்மா உள்ளே ஓடினார். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்தது, அழவில்லை. மறுபடி சுண்டினார். வாந்தி எடுத்ததா, பால் குடித்ததா என்று கேட்டார். காலையிலிருந்து சரியாகக் குடிக்கவில்லை, தூக்கத்தில் இருக்கிறது என்று விட்டுவிட்டேன் என்றாள் அவள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் கிழங்குத் தோலுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே போன ஒரு மினி வேனில் ஏறினோம். தாய் முன்னால், குழந்தை நர்சம்மா மடியில், நானும் அவரும் பின்னால் மூட்டைகள் மேல். ஸ்கூட்டர் மலையிலேயே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அவர் டிரைவர் முதுகுப் பக்கக் கண்ணாடி வழியாக நர்சம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தத் தலை குனிந்தபோதெல்லாம், "இன்னா ஆச்சு? இன்னா பண்ணுது?" என்று என்னை உலுக்கினார். எனக்குத் தெரியவில்லை. என் கடையில் தினமும் எத்தனை பாட்டில் விற்கிறேன் அந்த மருந்தை.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். மாற்று மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். ஈரல் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, இன்னும் ஒரு நாள் இப்படியே கொடுத்திருந்தால் சொல்ல முடியாது, நாளைக்கு மறுபடி பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அவள் சுவரோரம் நின்றாள். அழவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்றாள் என்னிடம், யாரோ இல்லை என்று சொன்னதைப் போல. "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். படிச்சுப் பாத்துட்டுத்தாங்க்கா குடுத்தேன். மூடின்னுதான் போட்ருந்துச்சு."

அவர் முன்னால் வந்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "நீ சரியாத்தாம்மா படிச்ச," என்றார். "அதுல கால்னு இருக்கணும். நாந்தான் அடிச்சேன். வுட்டுப் போச்சு."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு டிரிப் குழாய் இழுபடாமல் குழந்தையைத் தூக்கி, அவருக்கு எட்டாத அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் வார்டுக்குள் போகவில்லை. ஆனால் தினமும் வந்தார். ரொட்டியும் பாலும் வாங்கி என்னிடமோ நர்ஸிடமோ கொடுத்தனுப்பிவிட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார். யாராவது வெள்ளைக் கோட்டில் வெளியே வந்தால் எழுந்து நிற்பார். ஒருநாள் அங்கிருந்தே சென்னை டீலருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒருங்கிணைப்பாளர் பெண் மன்னிப்புக் கேட்டு, எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிவிட்டதாக அன்று காலைதான் சொல்லியிருந்தாள்.

"இல்லாத எழுத்த இல்லன்னு காட்டச் சொல்லுங்க சார்," என்றார் போனில். "வேற எந்த வசதியும் வேணாம். அது ஒண்ணு போதும். ஒரு கொழந்த ஆஸ்பத்திரியில கெடக்குது."

அந்தப் பக்கத்துக் குரல் மரியாதையாக இருந்தது. "உங்க சீரியல் நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னார்.

"சார், இந்த வெர்ஷனுக்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்க சார். ரொம்ப வருஷம் ஆச்சு."

"நான் சப்போர்ட் கேக்கல. நடந்தத அவங்ககிட்ட சொல்லுங்கன்றேன்."

"யார்கிட்ட சார்?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே அந்தக் குரல் "சார், சார்" என்றுகொண்டிருந்தது.

குழந்தை பிழைத்தது. மெல்ல மெல்லக் கண் திறந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு சொட்டு மருந்தும் சீட்டும் கொடுத்தார்கள். புருஷன் கேரளாவிலிருந்து வந்து சேரவில்லை. மலை பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே அவர் எங்களைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அவள் அவரைக் கடந்து போனாள். பிறகு நின்று, திரும்பி வந்தாள். குழந்தை தோளில் இருந்தது. மருந்து பாட்டிலையும் சீட்டையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"எவ்ளோ குடுக்கணும்னு படிச்சு சொல்லுங்க."

அவர் ஓரடி பின்னால் போனார். "நான் வேணாம்மா. மருந்துக்கடை வெச்சிருக்கறது அவங்கதான். அவங்கள்ட்ட கேளு."

நான் கையை நீட்டினேன். அவள் சீட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அக்கா வேணாம். நீங்க படிங்க," என்றாள். "நீங்கதான் பயந்துக்கினு படிப்பீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சொல்லின் கீழும் கட்டைவிரலை வைத்து வைத்துப் படித்தார். "காலையில. பாலுக்கு அப்புறம். அஞ்சு சொட்டு. ஒரு வேளை மட்டும்." சீட்டைப் பாட்டிலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். மலை பஸ் கிளம்புவதாக ஹாரன் அடித்தது. நான் பதறினேன். அவள் அசையவில்லை.

"இன்னொரு தடவ," என்றாள்.

அவர் முதலிலிருந்து தொடங்கினார்.